மார்செல் முட்டையிட்ட நாள்

என் பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நாந்திலிருந்து நீ பாரிசுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்தபோது, நிவேதாவுக்குப் பிள்ளை பிறக்கிற கிழமையில் உனக்கு வேலை விஷயமாக வெளியூர் போகவேண்டி வரலாம் என்றாய். அம்மாவும் நிவேதாவின் தாயும் பக்கத்தில் நிற்பார்கள்தானே என்றாய். சிரித்துக்கொண்டு, "நீங்களும்தான் அண்டைக்கு நிக்கேல்லை அப்பா. நான் பிறக்காமல் விட்டனானே?" என்றாய். பிறகு மார்செல் எப்படி என்று கேட்டாய். சுகம் என்றேன். அதோடு கதை முடிந்தது.

அம்மா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எழுதுங்கோ," என்றாள். "கதைக்க வெளிக்கிட்டா நீங்கள் பாதியிலை நிப்பாட்டிப்போடுவியள். எழுதுங்கோ." ஆகவே எழுதுகிறேன். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். யாரையாவது பிடித்துப் பிரெஞ்சில் எழுதுவித்திருக்கலாம். இரண்டு நிமிடத்தில் வாசித்துவிட்டுப் போயிருப்பாய். இதை நீ மெல்ல வாசிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். வேறு யாருக்கும் காட்டாதே என்றும் நான் கேட்கப்போவதில்லை. விரும்பினால் எல்லோருக்கும் காட்டு. முப்பது வருடமாக ஒரு பொய்யை எல்லோருக்கும் முன்னால் சொன்னவன் உண்மையை மட்டும் ஒளித்துச் சொல்வது சரியில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் மார்செலைப் பற்றிச் சொல்லவேண்டும். மார்செல் இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் இல்லை.

நீ அவனைக் கொண்டுவந்தது கார்த்திகையில். நிவேதா உண்டாகியிருந்த நேரம். ஊர்வனவற்றில் ஒரு கிருமி இருக்கும், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் கவனம் என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னாய். லிஃப்டுக்குள் கொள்ளாத கண்ணாடிப் பெட்டியை நீயும் உன் சிநேகிதனும் ஐந்து மாடி தூக்கிக்கொண்டு வந்தீர்கள். விளக்குகள் இரண்டு, கல்சியம் தூள் ஒரு டப்பா, உயிரோடு சில்வண்டுகள் ஒரு பெட்டி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்ட இரண்டு பக்கத்துக்கு எழுதிய தாள். பெட்டிக்குள்ளே அவன். ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஓணான், பொகோனா என்று பெயர், கோபம் வந்தால் கழுத்துக்குக் கீழே தாடிபோல முள்ளுத்தோலை விரித்துக் கறுப்பாக்கிக்கொள்வான், மற்றப்படி நல்லவன் என்றாய். வேறு இடம் பிடிக்கும்வரை, இரண்டு கிழமைக்கு மட்டும்தான் என்றாய். அம்மா ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "உது இருக்கிற அறைக்கை நான் வரமாட்டன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கும் விருப்பமில்லை என்று இப்போது சொல்லலாம். முழங்கால் போய்ச் சமையல் வேலையை விட்டு ஆறு மாதம். பகல் முழுக்க வீட்டில் இருக்கிற அப்பாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று விட்டுவிட்டுப் போகிறான் என்று உன்மேல் கோபமாகவும் இருந்தது. தாளில் எழுதியபடி செய்தேன். காலை ஏழரைக்கு விளக்கு. விளக்கின் கீழே இருக்கிற கல் நாற்பது பாகை சூடு. ஒருநாள் இலை, ஒருநாள் பூச்சி. கீரை அதிகம் வேண்டாம், பூசணி நல்லது. லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் வழமையாகப் போகிற கடையில் கிழமைக்கு இரண்டு தரம் பூசணித் துண்டு வாங்க, கடைக்கார அண்ணை, "வீட்டிலை ஆர் இவ்வளவு பூசணிக்காய் தின்னுறது?" என்று கேட்டார். "மகன்ரை ஆள் ஒருத்தர் வந்து நிக்கிறார்," என்றேன். முதல் மாதத்திலேயே சில்வண்டுப் பெட்டியின் மூடியைச் சரியாகப் பூட்டாமல் விட்டு, பதினைந்து இருபது சில்வண்டுகள் வெளியே வந்து வீட்டுக்குள் போய்விட்டன. ஒன்று குளிர்பெட்டிக்குப் பின்னால் இருந்து ஒன்பது நாள் பாடியது. அம்மா அந்த ஒன்பது நாளும் என்னோடு கதைத்தது குறைவு.

எப்போது மாறியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காலைத் தேத்தண்ணியை அவனுக்கு முன்னால் இருந்து குடிக்கத் தொடங்கினேன். விளக்குப் போட்டவுடன் அவன் கறுத்துப்போய், தட்டையாகி, விலாவை விரித்துக்கொண்டு கல்லில் படுப்பான். அரைமணி நேரத்தில் அந்தக் கறுப்பு மெல்ல வெளுத்து, மஞ்சளாகி, ஓரத்தில் செம்மை வரும். ஒரு உயிர் வெளிச்சத்தைக் குடித்து நிறம் மாறுவதை நான் அதற்கு முன்னால் இருந்து பார்த்ததில்லை. வாழ்நாளில் எதையுமே அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். உன்னையும்தான். நீ சின்னவனாக இருந்தபோது நான் வேலைக்குப் போகையில் நித்திரை, வருகையிலும் நித்திரை.

ஒருநாள் கடைச்சாமானோடு அறைக்குள் வந்தபோது அவன் முன்கை ஒன்றைத் தூக்கி, மெல்ல, வட்டமாக ஆட்டினான். கை காட்டுவதுபோல. நான் பையை அப்படியே வைத்துவிட்டு, "இஞ்சை வாருமப்பா, இவன் எனக்குக் கை காட்டுறான்," என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கதவடியில் நின்றபடி, "உங்களைப் போகச் சொல்லுறான்," என்றாள். உன் தாளைப் பார்த்தேன். நான் சின்ன ஆள், என்னை ஒன்றும் செய்யாதே என்று பெரியதுக்குச் சொல்வதாம் அது. உச்சந்தலையில் செதில்களுக்கு நடுவே ஒரு புள்ளி இருக்கிறது, அது மூன்றாவது கண், உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும் என்றும் எழுதியிருந்தாய். மேலேயிருந்து பருந்து வந்தால் அறிவதற்காக. அதை வாசித்த பிறகுதான் எனக்கு விளங்கியது, ஜன்னலுக்கு வெளியே புறா ஒன்று குறுக்கே பறந்தால் அவன் ஏன் உடம்பைப் பதித்துக்கொண்டு தலையைச் சரிக்கிறான் என்று. கீழே பாலத்தில் மெத்ரோ ரயில் கடகடத்துக்கொண்டு போகிறது. ஐந்தாம் மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து இவன் பருந்துக்குப் பயப்படுகிறான். பருந்தை இவன் கண்டதில்லை. பெட்டியில் பிறந்தவன். இவனைப் பெற்றதும் அநேகமாகக் கண்டிருக்காது. யார் இவனுக்குச் சொன்னது? அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் அவன் சாப்பாட்டை நிறுத்தினான். விடியத் தொடங்கிப் பொழுதுபடும்வரை பெட்டியின் ஒரே மூலையில் நின்று கண்ணாடியைப் பிறாண்டினான். நகம் கண்ணாடியில் படுகிற சத்தம் பல்லைக் கூசவைக்கும். உனக்குப் படம் அனுப்பினேன். நீ ஏதோ கூட்டத்துக்கு நடுவே இருந்து, தோல் உரிக்கிறான் அப்பா, கவலைப்படாதேங்கோ என்று பிரெஞ்சில் பதில் போட்டாய். மூன்றாம் நாள் தூக்கிப் பார்த்தபோது வயிற்றின் இரண்டு பக்கமும் உருண்டை உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டது. பெரிய சில்வண்டாகக் கொடுத்து நான்தான் அடைக்கவைத்துவிட்டேன் என்று பயந்துபோனேன். உனக்குச் சொல்லவில்லை. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்து, அதன்மேல் அவனை வைத்து, ஜக்கெட்டுக்குள் பையை அணைத்துக்கொண்டு மெத்ரோவில் போனேன். இப்படியான பிராணிகளைப் பார்க்கிற மிருக வைத்தியர் ஒருவரைத் தேடிப் பிடித்திருந்தேன். சின்னப் பெண். உன்னைவிட வயது குறைவாக இருக்கும்.

அவள் அவனைக் கையில் எடுத்து, வாலடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முசியே, உங்கள் மார்செல் ஆண் இல்லை," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் வயிற்றில் ஏதோ பூசி, கருவியை வைத்து, திரையைக் காட்டினாள். முந்திரிகைக் கொடியில் தொங்குகிற குலைபோல வட்டம் வட்டமாக நிறைந்திருந்தது. முட்டைகள்.

"ஆனால் புருஷன் இல்லையே," என்றேன், என் சமையலறைப் பிரெஞ்சில். மகன் வாங்கி நாலு வருடமாகத் தனியாகத்தானே இருக்கிறான், இருக்கிறாள்.

அவள் சிரிக்கவில்லை. "இவர்களுக்குத் தேவையில்லை. காலம் வந்தால் முட்டை வரும். அதிலிருந்து ஒன்றும் பொரிக்காது. ஆனால் அது இவளுக்குத் தெரியாது," என்றாள். பிறகு மெல்ல, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். இவள் மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடுவாள். தோண்ட இடமில்லை என்றால் அடக்கிக்கொண்டே இருப்பாள். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதற்கு மேலே போனால் வெட்டித்தான் எடுக்கவேண்டும், இவள் இருக்கிற நிலையில் பிழைப்பாள் என்று தன்னால் சொல்லமுடியாது.

கண்ணாடியை மூன்று நாளாக அவள் ஏன் பிறாண்டினாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது கண்ணாடி என்று அவளுக்குத் தெரியவில்லை. மண் என்று நினைத்துத் தோண்டியிருக்கிறாள்.

உரம் போடாத மண் ஒரு மூட்டை, பிள்ளைகள் விளையாடுகிற மணல் ஒரு மூட்டை வாங்கினேன். அன்று பார்த்து லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒரு மாடிக்கு ஒருதரம் இருந்து இருந்து ஏறினேன். பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் இரண்டையும் கொட்டித் தண்ணீர் விட்டேன். ஒருதரம் தோண்டிப் பார்த்தால் சரிந்து விழுந்தது, தண்ணீர் கூட்டினால் சேறானது. அம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் அந்த அறைக்குள் கால்வைக்காதவள், உள்ளே வந்து, சீலையைச் செருகிக்கொண்டு நிலத்தில் இருந்தாள். "தள்ளுங்கோ," என்றாள். "புட்டுக்கு மா குழைக்கிற பதம் வேணும். பிடிச்சா நிக்கோணும், தட்டினா உதிரோணும்." இரண்டு கையாலும் அந்த மண்ணைப் பிசைந்தாள். "பொம்பிளையோ இது," என்று ஒருதரம் கேட்டாள். ஓம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்தநாள் காலை பத்து மணிபோல மார்செல் தோண்டத் தொடங்கினாள். அம்மா விடிய எழுந்து பணிமனைகள் துப்புரவாக்கிவிட்டு வந்தவள், உடுப்பும் மாற்றவில்லை. "ஆரும் முழிச்சுப் பாத்துக்கொண்டு நிண்டா அவள் எப்பிடிப் பெறுவாள்?" என்று சொல்லித் தன் பழைய சீலை ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிக் கட்டினாள். ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி மட்டும் விட்டாள். நான் எழுந்து ஜக்கெட்டை எடுத்தேன்.

"எங்கை போறியள்?"

"கடைக்குப் போட்டு வாறன். பால் முடிஞ்சுது."

"பால் கிடக்கு," என்றாள். "இருங்கோ. ஒருத்தி உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், நீங்கள் பாலுக்குப் போறியளே?"

அவள் அதைச் சும்மாதான் சொன்னாள். நான் ஜக்கெட்டைத் திரும்பக் கொழுவினேன். இருந்தேன்.

பிள்ளை, நான் கண்டதை உனக்குச் சொல்ல எனக்குப் போதிய தமிழ் இல்லை. முன்கைகளால் மண்ணை வாரி, பின்கால்களால் பின்னுக்கு எத்தி எறிந்தாள். நாலு நிமிடம் தோண்டுவாள், பிறகு விலா புடைத்துப் புடைத்து மூச்சு வாங்க அப்படியே கிடப்பாள். திரும்பவும் தோண்டுவாள். ஓரிடத்தில் அரைவாசி தோண்டிவிட்டு, தலையை உள்ளேவிட்டுப் பார்த்து, அது சரியில்லை என்று விட்டுவிட்டு வேறு இடம் போனாள். எது சரியில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. ஒரு மணி போல வால் நுனிகூட வெளியே தெரியாமல் உள்ளே போய்விட்டாள். சரிந்து மூடிவிட்டதோ என்று நான் கையை நீட்ட, அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குகையின் வாசலில் தலை தெரிந்தது. உள்ளேயே திரும்பியிருக்கிறாள். முகம் முழுக்க மண், கண் பாதி மூடியபடி. உடம்பு ஒருதரம் இறுகும், பிறகு தளரும். ஒவ்வொரு தளர்வுக்கும் பின்னால், இருட்டில், வெள்ளையாக ஒன்று. இருபத்தொன்று. அம்மாதான் எண்ணினாள், உதட்டுக்குள்ளே.

முடிந்தவுடன் போய்ப் படுப்பாள் என்று நினைத்தேன். இல்லை. வெளியே வந்து திரும்பி நின்று, தள்ளிய மண்ணை எல்லாம் திருப்பி உள்ளே தள்ளினாள். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, தோல் தொங்குகிறது, நிற்கவே பலமில்லை. ஆனால் மூக்கால் அந்த மண்ணை இடித்து இடித்து இறுக்கினாள். ஒரு அடையாளமும் தெரியாமல் மட்டமாக்கினாள். பிறகு அதன்மேலே வயிற்றை வைத்துப் படுத்தாள். பிறந்ததில் இருந்து அவள் மண்ணைக் கண்டதில்லை. தாயைக் கண்டதில்லை, தன் இனத்தில் இன்னொன்று முட்டையிடுவதைக் கண்டதில்லை. பாரிசில் ஒரு பெட்டிக்குள்ளே முதல்தரமாக மண்ணில் கைவைத்து, எத்தனையோ ஆயிரம் வருடமாக அந்தப் பாலைவனத்தில் தாய்கள் செய்ததை ஒன்றும் விடாமல் செய்து முடித்தாள். நான் கோயிலில் கும்பிட்டிருக்கிறேன். அன்று அந்த அறையில் நிலத்தில் இருந்தபடி எனக்கு வந்தது போன்ற ஒன்று எனக்குக் கோயிலில் வந்ததில்லை. இப்படித்தான் எல்லோரும் வந்தோம். இப்படி ஒருத்தி தன்னை முழுக்கக் கொடுத்துத்தான் ஒவ்வொருத்தரும் வந்தோம். அதைப் பார்க்க எனக்கு அறுபத்து மூன்று வயது ஆகவேண்டியிருந்தது.

என் முகம் நனைந்திருந்தது எனக்குத் தெரியாது. "என்னப்பா, ஏன் அழுறியள்? அவள் சுகமாப் பெத்திட்டாள்," என்றாள் அம்மா. அப்போது சொன்னேன். உனக்கும் இப்போது அதையே சொல்கிறேன்.

நீ பிறந்த அன்று மதியம், நான் வேலை செய்த உணவகத்தின் சமையலறைக்குத் தொலைபேசி வந்தது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கெதியாக வாரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. பத்ரோன், உணவகத்து முதலாளி, பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. நான் முடிச்சைத் தேடுவதற்குள் அவரே எனக்குப் பின்னால் வந்து ஏப்ரனை அவிழ்த்தார். "போ, போ. அடுப்பை நான் பார்க்கிறேன்," என்றார். மதியச் சாப்பாட்டு நேரம், மேசை முழுக்க ஆட்கள். அவர் விடவில்லை என்று நீ கேட்டு வளர்ந்த கதை பொய். அவர் என்னைத் தள்ளாத குறையாக அனுப்பினார்.

ஆஸ்பத்திரிவரை போனேன். கதவு தானாகத் திறந்தது. வெள்ளை உடுப்போடு ஒரு பெண் வந்து ஏதோ கேட்டா. அப்போது எனக்குப் பிரெஞ்சு சமையல்பாத்திரங்களின் பெயரளவுக்குத்தான் தெரியும். ஆனால் அதில் ஒரு சொல் விளங்கியது. நீங்கள் தகப்பனா என்று கேட்கிறா. நான் இல்லை என்றேன். திரும்பி நடந்தேன். தண்டவாளங்களுக்கு மேலே போகிற பாலத்தில் நின்று, வடக்கே போகிற ரயில்களைப் பொழுதுபடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். மொழி தெரியாத வெட்கம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அது இல்லை. பயம்தான். நாட்டில் சண்டையில் செத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டு வந்தவன் நான். பிறப்பதைப் பார்த்ததில்லை. உள்ளே போனால் அதுவும் நான் பார்த்ததுபோலவே இருக்கும் என்று நினைத்தேன். பொழுதுபட்டபின் போனபோது அம்மா களைத்துப்போய்க் கிடந்தாள். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். "பத்ரோன் விடேல்லை," என்றேன்.

சொன்னது அவ்வளவுதான். ஆனால் அதை ஒருதரம் சொன்னால் பிறகு அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்கவேண்டும். நீ பிறந்த அடுத்த மாதம் பத்ரோன் பிள்ளைக்கு உடுப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா கதவிலேயே வாங்கி வைத்துவிட்டு, உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பெரிய மனிதர் படியில் நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவரிடம் இன்னும் பதினாறு வருடம் வேலை செய்தேன். அவர் செத்தபோது அம்மா வரவில்லை. நீ பதினாலு வயதில், வேலை இடங்களில் வெளிநாட்டுக்காரருக்கு நடக்கிற கொடுமை என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி, பிள்ளை பிறக்கிற அன்றுகூட என்னைப் போகவிடாத முதலாளியைப் பற்றி அதில் சொல்லியிருந்தாய். ஆசிரியர் நல்ல புள்ளி போட்டு, பெற்றோர் கையெழுத்துக் கேட்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாவற்றையும் அம்மா கேட்டு முடித்தாள். பிறகு எழுந்து போய், ஒரு தேக்கரண்டியில் தண்ணீர் கொண்டுவந்து, மார்செலின் மூக்கு நுனியில் ஒவ்வொரு துளியாக விட்டாள். அதுவரை அவளைத் தொடாதவள், ஒரு விரலால் அவள் முதுகைத் தடவினாள். "குடியம்மா," என்றாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. சாப்பாடு போட்டாள், தேத்தண்ணி தந்தாள். அந்த முட்டைகளைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஜன்னலில் இருக்கிற கறிவேப்பிலைச் சாடிக்குள் தாட்டாள். நான் செய்ததெல்லாம் மார்செலுக்குப் பூசணியை மசித்து, கல்சியம் தூள் கலந்து, கையால் ஊட்டியது. மூன்றாம் நாள் அவளாகவே ஒரு சில்வண்டைத் துரத்திப் பிடித்தாள். அந்தச் செய்தியை ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு ஆளில்லாமல் இருந்தது.

நாலாம் நாள் அம்மா கேட்டாள்: "அந்த மனிசன்ரை மனிசி இருக்கிறாவே?"

இருக்கிறா. பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் மகளோடு. அம்மா முதல்நாளே கேக் அடித்தாள். ஞாயிறு பின்னேரம் போனோம். எண்பதுக்கு மேலே வயது, ஆனால் என்னை அடையாளம் கண்டுவிட்டா. கேக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. அம்மா தன் துப்புரவு வேலைப் பிரெஞ்சில், மதாம், நான் உங்கள் கணவரைப் பற்றி முப்பது வருடமாகப் பிழையாக நினைத்தேன், மன்னிக்கவேண்டும் என்று சொன்னாள். அவவுக்கு எதைப் பற்றியென்று விளங்கவில்லை. நான் விளக்கினேன், முழுவதையும், பாலத்தையும் சேர்த்து. அவவுக்கு ஞாபகம் வந்தது என் பொய் இல்லை. "அன்றைக்கு அவர் சரியான சந்தோஷத்தில் இருந்தார்," என்றா. "எங்கள் சமையல்காரருக்குப் பிள்ளை பிறக்கிறது என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லி, எல்லோருக்கும் குடிக்க ஊற்றிக் கொடுத்தார். சோற்றையும் அடிப்பிடிக்க விட்டுவிட்டார்." நான் பாலத்தில் நின்ற நேரம் அது. உன் பிறப்பைக் கொண்டாட அந்த மனிதர் இருந்தார். நான் இருக்கவில்லை.

இனிமேல் சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் உனக்கு அறிவுரை சொல்லத் தகுதியானவன் இல்லை. பயப்படாதே என்று சொல்லமாட்டேன். பயம் வரும். வந்தால் அதையும் கூட்டிக்கொண்டு உள்ளே போ. நீ இல்லாமல் உன் வேலை நடக்கும். சோறு அடிப்பிடித்தால் வேறு சோறு வைப்பார்கள். அங்கே நீ செய்ய ஒன்றும் இருக்காது, நிற்பதைத் தவிர. அந்த நிற்பது சின்ன விஷயம் என்று நான் நினைத்திருந்தேன்.

திரும்பி வருகிற ரயிலில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள். சென் தெனி ஸ்டேஷன் தாண்டியபிறகு, என்னைப் பார்க்காமலே கதைக்கத் தொடங்கினாள். நீ பிறந்த நாளை, ஒவ்வொரு மணியாக, காலையில் தண்ணீர்க்குடம் உடைந்ததில் இருந்து. முப்பது வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. ஏன் இதுவரை சொல்லவில்லை என்றேன். "நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே," என்றாள். கேட்டால் என் பொய்யும் வெளியே வரும் என்று பயந்துதான் கேட்கவில்லை, அதை அவள் அறியாள்.

அவளுக்கு அன்று ஒரு சொல் பிரெஞ்சு தெரியாது. கறுப்பின மருத்துவத் தாதி ஒருத்தி அவளுடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாவாம். நோ கூடின நேரம் அம்மா கத்தியிருக்கிறாள். "என்னெண்டு கத்தினனான் தெரியுமே," என்று கேட்டாள். "உங்கடை பேரைச் சொல்லி."

உனக்குத் தெரியும், அம்மா என் பெயரைச் சொல்வதில்லை. இஞ்சாருங்கோ என்பாள், உன்னிடம் கொப்பா என்பாள், பத்திரங்களில்கூட எழுதிக் காட்டுவாளே தவிர வாயால் சொல்லமாட்டாள். அன்று ஐந்து மணித்தியாலம் அதையே சொல்லிக் கத்தியிருக்கிறாள். அந்தத் தாதி, பிள்ளைக்கு வைக்கப்போகிற பெயரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, நீ பிறந்தவுடன் ஒரு அட்டையில் அதை எழுதி உன் தொட்டிலில் கட்டிவிட்டா. அன்று பொழுதுபட்டு நான் வந்தபோது அந்த அட்டையைக் கண்டேன். எழுத்துப் பிழையோடு என் பெயர். தகப்பனின் பெயரை எழுதித் தொங்கவிடுவது இந்த நாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா என் பெயரை வாய்விட்டுச் சொன்னது வாழ்நாளில் அந்த ஒரு நாள்தான். அதைக் கேட்க அங்கே இருந்தது முன்பின் தெரியாத ஒரு பெண்.

நிவேதா உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், ஒரு நாளைக்கு நூறு தரம். பாதி நேரம் நீ திரும்பியும் பார்ப்பதில்லை. அன்றைக்கு அவள் கூப்பிடுகிறபோது, பிள்ளை, நீ அந்த அறையில் நில்.

அப்பா